ஆண்டுக்கு ஐந்து நாள் ஸ்கீ ஓடுபவர்களுக்கு: சுவிஸ் பருவத்துக்கு ஆயத்தமாகும்போது எழும் கேள்விகள்

சுவிஸில் பிள்ளைகள் பள்ளி முகாமில் ஸ்கீ பழகிவிடுகிறார்கள். பெற்றோர் நாற்பது வயதுக்குப் பிறகு அவர்களின் பின்னால் மலைக்குப் போய்ப் பழகத் தொடங்குகிறார்கள். பருவத்துக்கு நாலைந்து நாள் மட்டும் ஓடும் இந்த வீட்டுக்காரர்களுக்காகவே இந்தக் கேள்வி பதில்கள். பந்தயம் ஓடுவோருக்கு இது பயன்படாது.

எப்போது ஆயத்தமாகத் தொடங்கவேண்டும்?

ஒக்டோபரில். கால் தசைகள் பலப்பட ஆறு முதல் எட்டுக் கிழமை தேவை. அதைக் கடையில் வாங்க முடியாது. பழைய ஸ்கீப் பொருட்கள் விற்கும் சந்தைகள், இங்கே 'ஸ்கீபொர்ஸ' என்பவை, ஒக்டோபர் நவம்பரில்தான் ஊர் ஊராக நடக்கும். டிசெம்பர் நடுப்பகுதியில் திருத்தும் கடைகளில் வேலை குவிந்துவிடும். நத்தாருக்கு முதல் நாள் பைண்டிங்கை, அதாவது சப்பாத்தை ஸ்கீயோடு பிணைக்கும் பூட்டை, சரிபார்க்கக் கொண்டுபோனால், புதுவருடத்துக்குப் பிறகு வாருங்கள் என்பார்கள்.

எல்லாவற்றையும் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

ஐந்து நாளுக்கு ஸ்கீயை வாங்கவேண்டியதில்லை. வாடகை ஸ்கீ ஒழுங்காகத் தீட்டி, மெழுகிட்டு, உங்கள் எடைக்கு ஏற்ற பைண்டிங்கோடு கையில் வரும். சப்பாத்து வேறு கதை. முதலில் சொந்தமாக வாங்கவேண்டிய பொருள் அதுதான். நூறு பேரின் கால் பட்டுத் தளர்ந்த வாடகைச் சப்பாத்துக்குள் குதிக்கால் எழும்பி எழும்பி விழும். அப்படியானால் எவ்வளவு நல்ல ஸ்கீயும் சொல்வழி கேட்காது. இரண்டு பருவம் ஓடிப் பார்த்து, இது நமக்குப் பிடித்திருக்கிறது என்று தெரிந்தபின் வாங்குங்கள்.

வளரும் பிள்ளைகளுக்குப் பருவ வாடகையே சரி. இலையுதிர்காலத்தில் எடுத்து ஏப்ரலில் திருப்பிக் கொடுக்கலாம். பள்ளி முகாமும் குடும்பப் பயணமும் ஒரே வாடகைக்குள் அடங்கிவிடும். மலையடிவாரத்தில் நாள் வாடகைக்கு எடுப்பதாக இருந்தால், முந்திய நாள் பின்னேரமே போய் எடுத்துவையுங்கள். காலை ஒன்பது மணிக்கு வரிசையில் நின்றால் சப்பாத்தைச் சரியாகப் போட்டுப் பார்க்கக்கூட நேரமிராது.

சந்தையில் பழைய பொருள் வாங்கும்போது இரண்டு எச்சரிக்கை. பைண்டிங் மிகப் பழைய மாதிரி என்றால் கடைக்காரர் அதைத் தொட மறுப்பார். எந்த மாதிரிகளுக்கு இன்னும் பொறுப்பேற்கிறோம் என்று தயாரிப்பாளர்கள் ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறார்கள். அதில் இல்லாததைச் சரிசெய்து கொடுத்தால் பழி கடைக்காரர் தலையில் விழும். இரண்டாவது, பழைய சப்பாத்தின் பிளாஸ்டிக். பொலியூரத்தேன் ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி உள்ளுக்குள்ளேயே சிதையும். வெளியே பளபளப்பாகவே இருக்கும். பத்து வருடத்துக்கு மேற்பட்ட சப்பாத்து பாதையின் நடுவில் பிஸ்கட் போல உடைந்து போவது இதனால்தான். ஒரு நாளும் போடாமல் நிலவறையில் வைத்திருந்தாலும் இது நடக்கும்.

சப்பாத்தின் அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஸ்கீ சப்பாத்தின் அளவு பாதத்தின் நீளம், சென்றிமீற்றரில். சுவரோடு குதிக்காலை ஒட்டி நின்று, பெருவிரல் நுனி வரை அளந்தால் 26 வருகிறது என்றால் உங்கள் அளவு 26. தெருவில் போடும் 41, 42 என்ற எண்ணை மறந்துவிடுங்கள்.

கடையில் முதல் வேலை, உட்சப்பாத்தைக் கழற்றி வெளியே எடுப்பது. வெளியே உள்ள வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு, விரல்கள் முன்பக்கம் மெல்லத் தொடும்படி தள்ளுங்கள். குதிக்காலுக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒன்றரை முதல் இரண்டு சென்றிமீற்றர் சரி. இரண்டரையைத் தாண்டினால் பெரிது. அந்த வேளையில் எவ்வளவு சொகுசாக இருந்தாலும் வாங்கவேண்டாம். 26, 26.5 இரண்டுக்கும் பெரும்பாலும் ஓடு ஒன்றேதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிறகு உட்சப்பாத்தோடு போடுங்கள். குதிக்காலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னுக்கு இருத்தி, கணுக்காலுக்கு மேலுள்ள கொளுவியை முதலில் பூட்டுங்கள். பாதத்தின் மேலுள்ளவை தளர்வாக இருந்தால் போதும். நிமிர்ந்து நின்றால் விரல் முன்பக்கம் தொடவேண்டும். முழங்காலை முன்னுக்கு வளைத்தால் விரல் விடுபடவேண்டும். வளைத்த பிறகும் விரல் நசுங்கினால் சிறிது. குதிக்கால் மேலே எழும்பினால் பெரிது. பத்து நிமிடம் போட்டுக்கொண்டே கடையில் நில்லுங்கள்.

நம்மவர்களுக்கு இன்னொரு விடயம். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்த பாதம் முன்பக்கம் அகன்றிருக்கும். ஒடுங்கிய சப்பாத்து 98 மில்லிமீற்றர் அகலம், அகன்றது 102க்கு மேல். நீளம் சரியாக இருந்தும் பக்கம் நெரிந்தால், பெரிய அளவுக்குத் தாவாமல் அதே நீளத்தில் அகன்ற மாதிரியைக் கேளுங்கள். எங்கே நெரிகிறதோ அந்த இடத்தில் ஓட்டைச் சூடாக்கி விரித்துக் கொடுக்கவும் நல்ல கடைகளால் முடியும்.

சப்பாத்தின் விறைப்பு எண்ணைப் பற்றி அதிகம் யோசிக்கவேண்டாம். எப்போதாவது ஓடும் பெண்களுக்கு 60 முதல் 80, ஆண்களுக்கு 80 முதல் 100. எண் கூடக் கூட வளைக்க அதிக பலம் வேண்டும்.

கால் குளிராமல் இரண்டு சோடி காலுறை போடலாமா?

கூடாது. இரண்டு காலுறை இரத்த ஓட்டத்தை நெருக்கி, காலை இன்னும் குளிரவைக்கும். மடிப்பு விழுந்த இடத்தில் கொப்புளமும் வரும். முழங்கால் வரை நீண்ட, மெல்லிய ஒரு சோடி ஸ்கீக் காலுறை போதும். உள்காற்சட்டையின் கீழ்முனையும் சப்பாத்துக்குள் போகக்கூடாது. அதைக் கெண்டைக்காலுக்கு மேலே இழுத்து விடுங்கள்.

ஸ்கீ எவ்வளவு நீளம் இருக்கவேண்டும்?

நிமிர்த்திப் பிடித்தால் நாடிக்கும் மூக்குக்கும் நடுவில். ஊன்றுகோலைத் தலைகீழாகப் பிடித்து, வளையத்துக்குக் கீழே கையை வைத்தால் முழங்கை செங்கோணத்தில் மடங்கவேண்டும்.

பைண்டிங்கின் இறுக்க எண்ணை நாமே திருகலாமா?

வேண்டவே வேண்டாம். கடையில் 'பிண்டுங்' என்று சொல்லப்படும் இந்தப் பூட்டு, விழும்போது சரியான விசையில் திறந்து சப்பாத்தை விடவேண்டும். இறுக்கம் கூடினால் ஸ்கீ கழலாமல் முழங்கால் முறுகும். குறைந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே கழன்று உங்களைத் தூக்கி எறியும். எடை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், ஓடும் பாணி என்ற ஐந்தையும் வைத்தே எண் கணிக்கப்படுகிறது. சப்பாத்து மாறினால் எண்ணும் மாறும். ஒரே ஆளுக்கு அடி குட்டையான சப்பாத்தில் எண் கூடும், நீளமானதில் குறையும். அடியின் நீளம் குதிக்கால் பக்கத்தில் மில்லிமீற்றரில் பொறித்திருக்கும். ஐம்பது வயதாகிவிட்டால் இறுக்கத்தை ஒரு படி குறைப்பார்கள்.

கடைக்காரர் எடையைக் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு ஐந்து கிலோவை விழுங்குவதும், 'நன்றாக ஓடுவேன்' என்று கூட்டிச் சொல்வதும் உங்கள் முழங்காலைத்தான் தாக்கும்.

சுவிஸின் விபத்துத் தடுப்பு நிலையமான பெஃப்ஊ, பைண்டிங்கை வருடம் ஒரு முறை கருவியில் வைத்துச் சோதிக்கச் சொல்கிறது. சோதித்த கடை ஸ்கீயில் அந்த ஆண்டுக்குரிய சிறு ஒட்டியை ஒட்டிக் கொடுக்கும். பழைய ஸ்கீக்குப் புதிய சப்பாத்து வாங்கினால் அடியையும் பார்க்கச் சொல்லுங்கள். நடப்பதற்கு வசதியாக வளைந்த 'கிரிப்வோக்' அடி, அதற்கென்று செய்யாத பழைய பைண்டிங்கில் சரியாக அமராது. பூட்டிக்கொண்டது போலத் தோன்றும், ஆனால் திறக்கவேண்டிய நேரத்தில் சிக்கும்.

மெழுகிடுதலை வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். சொந்த ஸ்கீ வைத்திருப்பவர் கற்றுக்கொள்ளவேண்டிய வேலை இது. முதலில் பாருங்கள்: அடிப்பாகம் ஓரங்களில் வெள்ளையாக வெளுத்திருந்தால் அது மெழுகுக்குக் காய்கிறது.

பைண்டிங்கின் இரு பக்கமும் கீழே நீட்டியிருக்கும் தடுப்புக் கால்களை இறப்பர் வளையத்தால் மேலே இழுத்துக் கட்டுங்கள். அடிப்பாகத்தைத் துடைத்து, வெண்கலத் தூரிகையால் முனையிலிருந்து வால் நோக்கி ஒரே திசையில் தேயுங்கள். எல்லாக் குளிருக்கும் பொதுவான மெழுகுக் கட்டி ஒன்று போதும். ஸ்கீ மெழுகு அயனை, மெழுகு உறையில் எழுதியிருக்கும் சூட்டுக்கு வையுங்கள். பெரும்பாலும் 120 முதல் 140 பாகைக்குள் இருக்கும். கட்டியை அயனில் அழுத்தி, நீளவாக்கில் சொட்டுச் சொட்டாக இரண்டு கோடு விடுங்கள். பிறகு அயனை முனையிலிருந்து வால் வரை நிறுத்தாமல் இழுங்கள். அயனுக்குப் பின்னால் ஒரு விரல் நீளத்துக்கு மெழுகு ஈரமாகப் பளபளத்தால் வேகம் சரி. புகை வந்தால் சூடு அதிகம், உடனே குறையுங்கள். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அடிப்பாகம் கருகி மூடிக்கொள்ளும். அதன் பிறகு அந்த இடம் மெழுகைக் குடிக்காது.

உடுப்பு அயன் பண்ணும் பெட்டியால் இதைச் செய்யவேண்டாம். அதன் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், நீராவித் துளைகளில் மெழுகு தங்கி அடுத்த முறை சேலையில் ஒட்டும்.

அரை மணிநேரமாவது ஆறவிடுங்கள். பிளாஸ்டிக் சுரண்டியால் மேலே நிற்கும் மெழுகு முழுவதையும் எடுங்கள். இங்கேதான் பலர் பாதியில் விடுகிறார்கள். பயன் தருவது அடிப்பாகத்துக்குள் ஊறியது மட்டும். மேலே தங்கியது பனியைப் பிடித்து இழுக்கும். கடைசியில் நைலோன் தூரிகையால் பத்து இழுவை.

ஓரத் தகட்டுக்கு நகச் சோதனை: நகத்தைத் தகட்டின் குறுக்கே மெல்ல இழுத்தால் வெள்ளையாகத் தூள் உதிரவேண்டும். வழுக்கினால் மொட்டை. தீட்டும் கோணம் 88 பாகை நமக்குப் போதும். அதை வருடம் ஒரு முறை கடையில் கொடுத்தே செய்யுங்கள். சிவந்த மேற்துருவை மட்டும் துரு அழிக்கும் கட்டியால் வீட்டில் துடைக்கலாம்.

என்ன உடுப்பது?

மூன்று அடுக்கு. உடம்போடு ஒட்டியது மெரினோ கம்பளி அல்லது பொலியெஸ்டர், நடுவில் ஃபிளீஸ், மேலே காற்றும் நீரும் புகாத சட்டை. நீர்த்தடுப்பு எண் 10,000 மில்லிமீற்றர் இருந்தால் போதும். பருத்தி பெனியனை வீட்டில் வையுங்கள். ஓடும்போது வேர்த்து நனையும், கதிரை லிஃப்டில் பத்து நிமிடம் அசையாமல் இருக்கும்போது அந்த ஈரம் உடம்பைக் குளிரவைக்கும்.

சால்வை வேண்டாம், கழுத்துக்குக் குழாய்த்துணி போடுங்கள். நீண்ட முடியைப் பின்னிச் சட்டைக்குள் விடுங்கள். தொங்கும் எதுவும் லிஃப்டில் சிக்கும். மோதிரங்களைக் கழற்றிவிட்டுப் போங்கள். கை வீங்கினால் வெட்டித்தான் எடுக்கவேண்டிவரும்.

தலைக்கவசமும் கண்ணாடியும்?

ஈஎன் 1077 என்ற தரக் குறி உள்ள ஸ்கீக் கவசம். சைக்கிள் கவசம் இதற்குப் பொருந்தாது. புருவத்துக்கு மேலே தலையைச் சுற்றி நாடாவால் அளந்து, அந்த அளவில் வாங்குங்கள். நாடாவைப் பூட்டாமல் தலையை ஆட்டினாலும் கவசம் தனியே ஆடக்கூடாது. உள்ளே தடித்த தொப்பி போடவேண்டாம். ஒரு முறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெடிப்புத் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். பழையதைச் சந்தையில் வாங்காதீர்கள், அது என்ன அடி வாங்கியது என்று கேட்டறிய வழியில்லை.

கண்ணாடியின் ஒளித்தடுப்புத் தரத்தில் எஸ்1 முகில் மூடிய நாளுக்கு, எஸ்3 வெயிலுக்கு. ஒன்றுதான் வாங்கலாம் என்றால் எஸ்2. வெயில் பூச்சின் பாதுகாப்பு எண் 30க்குக் குறையாமல். உயரம் 1000 மீற்றர் கூட, புற ஊதாக் கதிர் 10 வீதமளவில் கூடுகிறது, புதுப்பனி அதில் 80 வீதம் வரை திருப்பி அனுப்புகிறது. கறுத்த தோலுக்குத் தேவையில்லை என்ற எண்ணம் பிழை. மூக்கின் அடியும் நாடியின் அடியும் கீழிருந்து வரும் வெயிலில் எரியும்.

உடம்பை எப்படித் தயார்படுத்துவது?

ஸ்கீயில் அதிகம் காயப்படுவது முழங்கால். தொடையின் முன்தசை களைத்தால் ஆள் பின்னுக்குச் சாய்வார். பின்னுக்குச் சாய்ந்தால் ஸ்கீயின் வால் நம்மை ஓட்டத் தொடங்கும். முழங்காலின் குறுக்கு நாண் அறுவது பெரும்பாலும் இந்த நிலையில்தான்.

கிழமைக்கு மூன்று நாள், இருபது நிமிடம். சுவரில் முதுகைச் சாய்த்து, கதிரையில் இருப்பது போல முழங்காலைச் செங்கோணத்தில் மடக்கி 30 வினாடி, மூன்று முறை. கிழமைக்குப் பத்து வினாடி கூட்டி 90 வரை கொண்டுபோங்கள். அடுத்து குந்தி எழும்புதல், ஒரு முறைக்கு 12 தடவையாக மூன்று முறை. குந்தும்போது நாலு வரை எண்ணி மெதுவாக இறங்குங்கள். மலையில் தசை செய்யும் வேலையும் இதுதான், பாரத்தைத் தாங்கியபடியே நீள்வது. பிறகு மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குதல், ஒரு முறைக்கு 10 தடவையாக மூன்று முறை. இது தொடையின் பின்தசைக்கு. பின்தசைதான் குறுக்கு நாணுக்குக் காவல். தரையில் கோடு போட்டு இரு பக்கமும் 20 வினாடி குதியுங்கள். பல் விளக்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள், பழகியபின் கண்ணை மூடி.

முழங்காலில் ஏற்கெனவே வலி இருந்தால் குதிப்பதை விட்டுவிட்டு, முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எந்த மலை, எந்தக் கிழமை?

நத்தாரிலிருந்து புதுவருடம் வரையும், பெப்ரவரி விளையாட்டு விடுமுறையிலும் நெரிசலும் விலையும் உச்சம். முடிந்தால் ஜனவரி நடுப்பகுதியில் போங்கள், பனியும் நல்லது, பாதையும் வெறுமை. மார்ச்சில் காலையில் பாதை கல்லாக இருக்கும், மத்தியானத்துக்குப் பிறகு கூழாகும். பத்து முதல் ஒன்றரை வரை ஓடிவிட்டு இறங்குவது நல்லது. பல மலைகளில் நாள் சீட்டின் விலை விமானச் சீட்டுப் போல மாறுகிறது, முந்தி வாங்கினால் மலிவு.

கார் இல்லாதவர்களுக்கு ஃப்ளூம்ஸர்பேர்க் வசதி. ஊன்டர்டேர்ட்ஸனில் ரயிலால் இறங்கினால் கேபிள் பெட்டி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. லுசேர்னிலிருந்து எங்கல்பேர்க் முக்கால் மணிநேர ரயில் பயணம். டிட்லிஸ் உச்சியைப் பார்த்துப் பயப்படவேண்டாம், பாதி வழியில் 1800 மீற்றரில் உள்ள ட்ரூப்ஸேயில் தொடக்கக்காரருக்கு இடம் உண்டு.

முதல் நாள் என்ன பிழை நடக்கும்?

சப்பாத்தின் அடியில் பனி ஒட்டியிருக்கும்போதே பைண்டிங்கில் மிதிப்பது. பூட்டாது, அல்லது அரைகுறையாகப் பூட்டும். ஊன்றுகோலால் சுரண்டிவிட்டு மிதியுங்கள். சரிவில் நிற்கும்போது கீழ்ப்பக்க ஸ்கீயை முதலில் போடவேண்டும்.

ஸ்கீயோடு நிற்பவரைத் தடியால் பனிமேல் இழுத்துச்செல்லும் கொக்கி லிஃப்டில் இருக்க முயல்வதும் வழக்கமான பிழை. அது கதிரை அல்ல. நின்றபடியே அது பின்புறத்தைத் தள்ளவிடவேண்டும். இருந்தால் தடி கீழே போய் விழுவீர்கள். விழுந்தால் பிடியை விட்டுவிட்டு உடனே தடத்திலிருந்து விலகுங்கள்.

முதல் நாள் மூன்று மணிநேரத்தோடு நிறுத்துங்கள். 'கடைசியாக ஒன்று' என்று ஏறும் களைத்த ஓட்டத்தில் காலும் கவனமும் சேர்ந்து தளர்ந்திருக்கும். விழுந்து சறுக்கும்போது எழும்ப முயலவேண்டாம், நிற்கும் வரை காத்திருங்கள். தசைநோவு இரண்டாம் மூன்றாம் நாளில்தான் கடுமையாகும். நாலு நாள் பயணத்தில் மூன்றாம் நாளை அரை நாளாக்குங்கள்.

பாதை நிறங்கள், விதிகள்?

நீலம் இலகு, சிவப்பு நடு, கறுப்பு கடினம். பிரான்ஸில் இன்னும் இலகுவான பச்சையும் உண்டு. சுவிஸில் மஞ்சள் கண்டால் கவனம்: பனிச்சரிவுப் பாதுகாப்பு இருந்தாலும் பாதையைச் சமப்படுத்தியிருக்க மாட்டார்கள், மாலையில் யாரும் வந்து பார்க்கவும் மாட்டார்கள். குறியிட்ட பாதைக்கு வெளியே போகவே வேண்டாம். டாவோஸிலுள்ள எஸ்எல்எஃப் நிறுவனம் வெளியிடும் பனிச்சரிவு அறிக்கையில் ஐந்து நிலைகள் உண்டு. மூன்றை 'நடுத்தரம்' என்று எண்ணவேண்டாம், அது கணிசமான ஆபத்து.

சர்வதேச ஸ்கீ சம்மேளனத்தின் விதிகள் பத்து. அதில் உயிர்நாடி ஒன்று: முன்னால் கீழே ஓடுபவருக்கே வழி. மேலிருந்து வருபவர்தான் விலகவேண்டும். ஒடுங்கிய இடத்திலும், மேட்டுக்கு அப்பால் மறைந்த இடத்திலும் நிற்காதீர்கள். பிள்ளையைப் படம் எடுக்க நிற்பவர்கள் இதைத்தான் மறக்கிறார்கள்.

விபத்து நடந்தால் யாருக்கு அழைப்பது, செலவை யார் கட்டுவது?

காயப்பட்டவருக்கு மேலே, தூரத்திலிருந்தே தெரியும்படி இரண்டு ஸ்கீயைப் பெருக்கல் குறியாக நடுங்கள். பாதை வரைபடத்திலுள்ள மீட்பு எண்ணுக்கு, அல்லது 144க்கு அழையுங்கள். ஹெலிகொப்டர் மீட்பான ரேகாவின் எண் 1414. பாதை ஓரக் கம்பத்தில் எண் இருந்தால் அதைச் சொல்லுங்கள், தேடும் நேரம் மிச்சமாகும்.

ஒரே முதலாளியிடம் கிழமைக்கு 8 மணிநேரமாவது வேலை செய்பவருக்கு, வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் காப்புறுதி உண்டு. சம்பளத் தாளில் 'என்பேஊ' என்ற வரி அதுதான். வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் அது இல்லை. அவர்களுடைய நோய்க் காப்புறுதியில் விபத்தும் சேர்ந்திருக்கிறதா என்று போகுமுன் பாருங்கள். மாதக் கட்டணத்தைக் குறைக்க அதை நீக்கியவர்கள், வேலை மாறியபின் திரும்பச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அடிப்படை நோய்க் காப்புறுதி மீட்புச் செலவில் பாதியைத்தான், அதுவும் வருடத்துக்கு 5000 பிராங் வரைதான் தரும். மற்றவரை மோதினால் கைகொடுப்பது தனியார் பொறுப்புக் காப்புறுதி.

பள்ளி ஸ்கீ முகாமுக்குக் கட்டணம் கூட என்று பிள்ளையை மறிக்கலாமா?

மறிக்கவேண்டாம், முதலில் கணக்கைக் கேளுங்கள். கட்டாயமாகக் கலந்துகொள்ளவேண்டிய முகாம்களுக்கு, பிள்ளையின் வயதைப் பொறுத்து நாளுக்கு 10 முதல் 16 பிராங்குக்கு மேல் பெற்றோரிடம் வாங்கமுடியாது என்று சுவிஸ் கூட்டாட்சி நீதிமன்றம் 2017 டிசெம்பரில் தீர்ப்பளித்தது. விருப்பத்துக்குரிய முகாமானாலும், வசதி குறைந்த குடும்பத்துக்கு உதவி உண்டா என்று வகுப்பு ஆசிரியரிடம் கேட்பதில் வெட்கமில்லை. முகாமுக்கு முன் பிள்ளை வீட்டுக்குள் சப்பாத்தைப் போட்டு, தானே கொளுவி பூட்டி, படி ஏறி இறங்கிப் பழகட்டும். இருபது பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் நிற்கும் இடத்தில், தானே பூட்டத் தெரிந்த பிள்ளை முதலில் பனிக்குப் போகும்.

பருவம் முடிந்தபின்?

ஸ்கீயைத் துடைத்துக் காயவைத்து, ஓரத் தகட்டையும் மூடும்படி தடிப்பாக மெழுகிட்டு, சுரண்டாமல் விடுங்கள். துரு ஏறாது. உட்சப்பாத்தைக் கழற்றி அறைச் சூட்டில் காயவிடுங்கள், ஹீட்டர் மேல் வைக்கவேண்டாம். காய்ந்தபின் உள்ளே போட்டு, எல்லாக் கொளுவியையும் தளர்வாகப் பூட்டி வையுங்கள். பூட்டாமல் விட்ட ஓடு கோடையில் விரிந்து உருமாறி, ஒக்டோபரில் காலை உள்ளே விடும்போது பிடிப்பு இல்லாமல் போயிருக்கும்.